இலை மடக்காத பந்தி

ஏழூரணியில் ஒரு கல்யாணம் பேசி முடித்தார்கள் என்றால், மாப்பிள்ளைக்கு என்ன வேலை, பெண் என்ன படித்திருக்கிறாள் என்பதெல்லாம் அப்புறம்தான், முதலில் கேட்பது "சமையல் வெயிலக்காதானே?" என்பதுதான். வெயிலுகந்தம்மாள் என்கிற முழுப்பெயர் ரேஷன் அட்டையில் மட்டும் இருந்தது. முப்பது வருசமாக அவள் கைச் சாப்பாட்டில் கை நனைக்காத ஆள் அந்த ஊரில் கிடையாது. ஆயிரம் இலைக்கு வேண்டிய சாமானைத் துவரம்பருப்பில் தொடங்கி வெற்றிலைப் பாக்கு வரைக்கும் ஒரு துண்டுச் சீட்டுக்கூடப் பார்க்காமல் மூச்சுவிடாமல் சொல்லுவாள். எழுதுகிறவருக்குத்தான் கை கடுக்கும். அப்பேர்ப்பட்ட வெயிலக்கா, ஆவணி மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, கல்யாணச் சாமான் லிஸ்ட்டை மளமளவென்று சொல்லிக்கொண்டே வந்தவள், பெண்ணின் தகப்பனார் "பெருங்காயம் எவ்வளவு போடட்டும்க்கா?" என்று கேட்டதும் நிமிர்ந்து பார்த்து, "பெருங்காயம்னா என்னது?" என்று கேட்டாள்.

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்ட முகத்தோடு கேட்டாள்.

அவள் கேட்டு வாய் மூடியிருக்க மாட்டாள், கடைத்தெருவில் இமானுவேல் தையல் கடையில் வெட்டிப் போட்டிருந்த துணி, நூல்கண்டு, அளவெடுக்கிற டேப்பு எல்லாவற்றிலிருந்தும் பெருங்காய வாசனை குப்பென்று கிளம்பி, சட்டை வாங்க வந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அதே நிமிசம் ரேஷன் கடையில் எடை போடுகிற ஜெயராணியின் வலது கைக்கு, கட்டியைக் கிள்ளித் தண்ணீரில் ஊறப்போட்டு விரல்நுனியால் கரைக்கிற பக்குவம் வந்து சேர்ந்து, பாமாயில் பாக்கெட்டை எடுக்க நீட்டிய கை காற்றைக் கரைத்துக்கொண்டே இருந்தது. சமையலில் வெயிலக்காவுக்குக் கையாளாகக் கூடவே இருக்கும் மாடத்தியின் நாக்கில் அதன் கசப்பு வந்து உட்கார்ந்தது. மினிபஸ் ஓட்டும் தவமணியின் காதில், கொதிக்கிற எண்ணெயில் அது விழுந்து உப்பிப் பொரிகிற சத்தம் கேட்டு, அவர் டயர் வெடித்துவிட்டதென்று வண்டியை ஓரம் கட்டினார். ஒரு சொல்லுக்குள்ளே இவ்வளவு சாமான் அடைந்து கிடக்கிறது என்று ஊருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆச்சரியமா? ஏழூரணிக்காரர்களுக்குத் தெருக்குழாயில் தண்ணீர் வந்தால்தான் ஆச்சரியம். மற்றதெல்லாம் அவர்களுக்குப் பழகிப்போகும். அன்று சாயங்காலத்துக்குள் ஜெயராணி வாட்ஸ்அப்பில் 'வெயிலக்கா சொற்கள்' என்று ஒரு குரூப் தொடங்கினாள். அடுத்த வாரம் 'மயில்' போனபோது அதன் அகவல் ஒரு வீட்டுக் கதவுக்கும், தோகை தரையில் உரசுகிற சத்தம் ஒரு டீச்சரின் பட்டுச்சேலைக்கும் வந்தன. 'ஏலக்காய்', 'உரல்', 'பூசணி' என்று வரிசையாகக் கிளம்பின. காலையில் பல் விளக்குவதற்கு முன்னாலேயே "இன்னைக்கு உங்க வீட்டுக்கு எது வந்துச்சு?" என்று பேச்சு தொடங்கிவிடும். வந்தவர்களுக்கு வாயெல்லாம் பல், வராதவர்கள் "ஏன், எங்க வீடு மட்டும் அக்கா கண்ணுக்குத் தெரியலையாக்கும்?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். கல்யாணத் தரகர் ஒருவர், பொண்ணு பி.எஸ்ஸி. முடிச்சிருக்கு, வீட்டுல ஏலக்காய் வாசனையும் இருக்கு என்று சொல்லி ஒரு வரனை முடித்தே விட்டார்.

இத்தனை கொண்டாட்டத்துக்கும் நடுவில் ஒரு மனுசர் மட்டும் அந்தக் குரூப்பைத் திறந்தே பார்க்கவில்லை. அவர் வெயிலக்காவின் வீட்டுக்காரர் சங்கரபாண்டி. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். இப்போதும் பக்கத்து ஊர்களுக்கு மோட்டார் ரிப்பேர் பார்க்கப் போய், தன் பழைய டிவிஎஸ் வண்டியில் சாயங்காலம் ஆறு மணிக்குத் திரும்புகிறவர். ஊரெல்லாம் கம்பம் ஏறி வெளிச்சம் கொடுத்த மனுசருக்கு வீட்டுக்குள் என்ன ஆகிறதென்று புரியவில்லை. மனைவியை மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

டாக்டர் மெஹருன்னிசா நிதானமான அம்மாள். மூளையைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஒரு ஆப்பிளின் படத்தைக் காட்டினார். "ஏதோ திங்கிறது" என்றாள் வெயிலக்கா. ஒட்டகத்தைக் காட்டினார். "ஏதோ ஆடோ நாயோ." ஆனால் நேற்று என்ன சமைத்தாள், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் என்ன நிறத்தில் சேலை கட்டியிருந்தார், வீட்டுச் சாவி எங்கே என்று கேட்டதற்கெல்லாம் டாண் டாணென்று பதில் வந்தது.

"இதச் சாதாரண ஞாபக மறதின்னு நினைச்சுக்காதீங்க ஐயா" என்றார் டாக்டர். "நடந்ததெல்லாம் அவங்களுக்கு ஞாபகம் இருக்கு. சொல்லுக்குள்ள இருக்கிற அர்த்தம்தான் போகுது. ஒரு சொல்லோட அர்த்தத்த மூளை ஒரே இடத்துல பூட்டி வைக்கிறதில்ல. வாசனை ஒரு பக்கம், உருவம் ஒரு பக்கம், கை செய்யிற வேலை ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம். எல்லாம் ஒண்ணா வந்து கூடுறதுக்குக் காதுக்கு முன்னால, உள்ளுக்குள்ள ஒரு இடம் இருக்கு. அது இவங்களுக்குச் சுருங்கிக்கிட்டே வருது."

"மருந்து?"

"தடுக்கிறதுக்கு இன்னும் மருந்து வரலீங்க. தனிப்பேரு முதல்ல போகும், பொதுப்பேரு கடைசில போகும். மயிலு பறவைன்னு ஆகும், பறவை பிராணின்னு ஆகும், அப்புறம் வெறும் 'அது'ன்னு ஆகும். ஆனா தினமும் புழங்குற சொந்தச் சாமான் ரொம்ப நாள் நிக்கும். அவங்க கரண்டி அவங்களுக்குத் தெரியும். அதே மாதிரி வேற கரண்டியக் கொடுத்தா தெரியாது."

"மனுசங்களும் அப்படித்தானா டாக்டர்?"

"மனுசங்களும்தான்" என்று சொல்லிவிட்டு அவர் மேசையைப் பார்த்தார்.

ஊர் திரும்புகிற பஸ்ஸில் சங்கரபாண்டி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து எண்ணிக்கொண்டே வந்தார். சங்கரபாண்டி போய் வீட்டுக்காரர் ஆவேன், வீட்டுக்காரர் போய் ஆம்பளை ஆவேன், ஆம்பளை போய் ஆள் ஆவேன், ஆள் போய் அது ஆவேன். நாலே நாலு படிதான். பக்கத்தில் வெயிலக்கா அவர் தோளில் சாய்ந்து சுகமாகத் தூங்கினாள், அவருக்கு அந்தத் தோளை அசைக்க மனசே வரவில்லை.

ஊருக்கு வந்ததை ஊர் திருப்பிக் கொடுக்காமல் இருக்குமா? கிளம்பிவிட்டார்கள். ஆனால் அங்கேதான் ஏழூரணிக்காரர்கள் ஒரு தப்புப் பண்ணினார்கள், அதுவும் மரியாதையினால் பண்ணினார்கள். நோய்நொடி என்று படுத்தவர்களைப் பார்க்கக் கூட்டமாகப் போகக்கூடாது என்பது அந்த ஊர் முறை. ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது இன்னொருவர் வந்தால், முன்னால் வந்தவர் "அப்ப நான் வாரேன்" என்று எழுந்துவிட வேண்டும். அப்படியே திங்கட்கிழமை இமானுவேல் ரொட்டி பாக்கெட்டும் பெருங்காய வாசனையுமாக வந்தார். வெயிலக்கா மோந்து பார்த்து, "நல்லாருக்கே தம்பி, என்ன சென்ட்டு இது?" என்றாள். புதன்கிழமை ஜெயராணி சாத்துக்குடியும் கரைக்கிற கையுமாக வந்தாள். "என்னடி, கையில எதும் பிசுபிசுங்குதா?" என்று தண்ணீர் மொண்டு ஊற்றினாள் அக்கா. தவமணி சத்தத்தைக் கொண்டுவந்தபோது மழை வருதோ என்று துணி எடுக்க ஓடினாள். ஒவ்வொருவரும் கொண்டுவந்ததை வாங்கிப் பார்த்து, முகம் கோணாமல் காப்பி கொடுத்து, திருப்பி அனுப்பினாள். ஒன்றோடு ஒன்று ஒட்டவே இல்லை. ஒரு மாசத்தில் சங்கரபாண்டி வீட்டில் சாத்துக்குடி மலை மாதிரி சேர்ந்ததுதான் மிச்சம்.

வெயிலக்கா லிஸ்ட் பாதியில் நிறுத்தின அந்தக் கல்யாணம் ஐப்பசியில் நடந்தது. மாடத்திதான் சமையலை ஏற்றுக்கொண்டாள். அக்காவை வீட்டில் விட்டுவிட்டு வர மனசில்லாமல், "நீங்க சும்மா பரிமாறுங்க போதும்" என்று கூட்டிக்கொண்டு போயிருந்தாள். அன்றைக்கு மினிபஸ் பஞ்சராகி, ஏழூரணிக் கூட்டம் முழுக்க மூன்றாம் பந்திக்குத்தான் மண்டபத்துக்குள் நுழைந்தது. இமானுவேல், பக்கத்தில் ஜெயராணி, பக்கத்தில் தவமணி, பசி தாங்காமல் அடுப்படியிலிருந்து வந்து கடைசி இலையில் மாடத்தி. வெயிலக்கா தன்னுடைய காம்பு வளைந்த கரண்டியும் சாம்பார் வாளியுமாக வரிசையில் குனிந்து குனிந்து வந்தவள், நாலு பேருக்கும் நடுவில் வந்ததும் நின்றாள். மூக்கை ஒரு தரம் உறிஞ்சினாள். இடுப்பில் கையை வைத்தாள்.

"ஏ மாடத்தி! பெருங்காயம் பத்தலடி சாம்பார்ல! கட்டிப் பெருங்காயத்த ஊறப்போடாம தூளையா கொட்டுன?"

மண்டபத்தில் எழுந்த ஆரவாரம் இருக்கிறதே, தாலி கட்டி இரண்டு மணி நேரம் ஆனதை மறந்து மேளக்காரர்கள் கெட்டிமேளத்தையே கொட்டிவிட்டார்கள். திட்டு வாங்கின மாடத்தி கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்து, "ஆமாக்கா, தூளுதான் போட்டேன், இன்னும் நாலு வார்த்த வையுங்கக்கா" என்றாள். சங்கரபாண்டிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. யாரென்றே தெரியாத மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

பந்தி முடிந்து இலையை மடக்கி எல்லோரும் எழுந்ததும், "பெருங்காயமா, அப்படின்னா?" என்று கேட்டாள் வெயிலக்கா. நாலு பேரும் வயிறு முட்டச் சாப்பிட்டிருந்தவர்கள், மறுபேச்சு இல்லாமல் நாலாம் பந்தியில் போய் உட்கார்ந்தார்கள். வந்துவிட்டது! ஒரே வரிசையில், ஒரே நேரத்தில், இலையில் கை இருக்கும் வரைக்கும் சொல் அவளுக்குள் கூடி நிற்கும், எழுந்தால் கலையும். அவ்வளவுதான் விசயம். இதைக் கண்டுபிடிக்கத் தெரியாமல் ஒரு மாசம் ஒவ்வொருவராகப் போனோமே என்று ஊரே தலையில் அடித்துக்கொண்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே சங்கரபாண்டி வீட்டு முன்னால் தெருவை அடைத்துப் பந்தல் போட்டார்கள். அரிசி ஒரு வீடு, காய் ஒரு வீடு, விறகு ஒரு வீடு. அதற்குப் பிறகு வாராவாரம் ஞாயிறு மத்தியானம் பந்தி. ஒரே வரிசையில் உட்கார்ந்தே பழக்கமில்லாத சில வீட்டார் முதல் வாரம் தனியாக ஓரத்தில் இலை போட்டுப் பார்த்தார்கள். ஏலக்காயின் நிறம் அவர்களிடம் இருந்ததால் பாயசம் நேரத்தில் ஏலக்காய் வந்து கூடாமல் தட்டுக்கெட்டு நின்றது. "அங்க என்ன தனிக்குடித்தனம்? இங்க வந்து உக்காருங்கப்பா, அக்கா நிக்காகல்ல!" என்று ஜெயராணி போட்ட அதட்டலில் இலையைத் தூக்கிக்கொண்டு வரிசைக்குள் வந்துவிட்டார்கள். அந்த இரண்டு மணி நேரம் வெயிலக்கா பழைய வெயிலக்கா. பெயர் சொல்லி விரட்டுவாள், கிண்டலடிப்பாள், பூசணிக்காய் வெட்டின தினுசைப் பார்த்துச் சண்டைக்கு வருவாள். அந்த இரண்டு மணி நேரத்தை இழுக்க வேண்டுமென்று ஊரே மெதுவாகச் சாப்பிடப் பழகிக்கொண்டது. சங்கரபாண்டி ஒரு சுண்டலை மூன்று கடி கடிப்பார்.

கார்த்திகை பிறந்தபோது சங்கரபாண்டிக்கு ஒரு புது வியாதி வந்தது. சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது, ரேஷன் கடை முக்கில் வண்டியைத் திருப்பினாரோ இல்லையோ, நெஞ்சுக்குள் எதுவோ ஒன்று துள்ளும். பரீட்சையில் பாஸானமாதிரி, பெட்டி நிறையப் பலகாரத்தோடு யாரோ வந்து இறங்கினமாதிரி ஒரு துள்ளல். வண்டியை அணைத்ததும் நின்றுவிடும். முக்கில் நின்ற ஜெயராணி, "என்ன அண்ணாச்சி, உங்கபாட்டுக்குச் சிரிச்சுக்கிட்டே வாரீக?" என்று கேட்டாள். வயசான காலத்தில் நெஞ்சில் துள்ளல் நல்லதில்லை என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஈசிஜி எடுத்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. முன்பெல்லாம் வண்டிச் சத்தம் கேட்டதும் அடுப்பைத் தணித்துவிட்டு வாசல் கேட்டுக்கு வந்து நிற்கிற வெயிலக்கா, இப்போது வருவதில்லை. வேலையாக இருப்பாள் என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

கார்த்திகை கடைசி வாரம், ஒரு வியாழக்கிழமை ஆறு மணிக்கு அவர் வண்டியை நிறுத்தி உள்ளே நுழைந்தபோது, வெயிலக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்று, "வாங்க, உக்காருங்க. யாரப் பாக்கணும்?" என்று மரியாதையாகக் கேட்டாள். குடிக்கத் தண்ணீரும் கொடுத்தாள்.

அவர் அந்தச் செம்பைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். குடித்தாரா, குடிக்கவில்லையா என்று அவருக்கே தெரியாது.

பத்து நிமிசத்துக்குள் போன் அடிக்கத் தொடங்கியது. இமானுவேல், தன் தொண்டையிலிருந்து அண்ணாச்சியின் இருமல் வருவதாகச் சொன்னார். நிரூபிக்க மூன்று தரம் இருமியும் காட்டினார். ஜெயராணி வீட்டுக்கு அவருடைய வாசனை வந்திருந்தது, டிரான்ஸ்பார்மர் எண்ணெயும் முகப்பவுடரும் கலந்த வாசனை. தவமணிக்கு அவர் நடை வந்துவிட்டது, கம்பம் ஏறி ஏறிப் பாதம் வெளியே திரும்பின நடை. தூக்கத்தில் அவர் மூக்கால் விசிலடிப்பது, மழைக்கு முன்னால் அவர் முழங்கால் முனகுவது, கோபம் வந்தால் டிரான்சிஸ்டரைத் துடைப்பது என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு வீட்டில் போய் இறங்கி, ராத்திரிக்குள் சங்கரபாண்டியைப் பற்றி ஊருக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று ஆகிவிட்டது. மாடத்திக்கு வந்ததுதான் பெரிய கூத்து.

"அண்ணாச்சி, பாவக்காய இலைக்கு அடியில ஒளிச்சுவச்சுட்டு, நல்லாருக்குன்னு பொய் சொல்லுவீகளாமே? முப்பது வருசமா! அக்காவுக்கு அது தெரியும் அண்ணாச்சி. தெரிஞ்சுக்கிட்டேதான் வச்சிருக்காக!"

அவருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. வெட்கம் வேறு பிடுங்கித் தின்றது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வரட்டும், தன் பங்கு போய் இறங்கின இருபத்து மூன்று பேரும் வரிசையில் உட்காரட்டும் என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு நாளும் வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே கிடந்தார். ஊரும் தூங்கவில்லை. அசலூரில் வேலை பார்த்தவர்கள்கூட லீவு போட்டு வந்து இறங்கினார்கள்.

ஞாயிறு மத்தியானம் தெரு கொள்ளாத கூட்டம். இலை விரித்தாயிற்று. இருமல், வாசனை, நடை, விசில், முழங்கால் எல்லாம் வரிசையாக உட்கார்ந்தாயிற்று, நடுவில் சங்கரபாண்டி. சோறு விழுந்தது, பருப்பு விழுந்தது. வெயிலக்கா கரண்டியோடு வந்தாள். மற்ற சொல்லெல்லாம் அவளுக்குள் கூடி, இமானுவேலை வம்பிழுத்து, மாடத்தியை வைது, சிரித்துக்கொண்டு வந்தவள், அவர் இலைக்கு முன்னால் நின்றாள். குனிந்து முகத்தைப் பார்த்தாள்.

"தெரிஞ்ச ஆளாத்தான் இருக்கு" என்றாள். "இருமல் தெரியுது. இந்த எண்ணெ வாசனை தெரியுது. ஆனா யாருன்னு பிடிபட மாட்டேங்குதே. கோவிச்சுக்காதீங்க." ஒரு கரண்டி சாம்பார் ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டாள்.

"ஏதோ ஒண்ணு குறையுது!" என்று கத்தினாள் ஜெயராணி. "யாருகிட்ட பாக்கி இருக்கு? வெக்கப்படாமச் சொல்லுங்கப்பா!" ஆளாளுக்குத் தன் நெஞ்சைத் தடவினார்கள், கையை மோந்தார்கள், பக்கத்து ஊருக்குக் கட்டிக்கொடுத்த மகள்களுக்கெல்லாம் போன் பறந்தது. ஒன்றும் இல்லை. ரசம் வந்துவிட்டது. ரசத்துக்கு அப்புறம் பாயசம், பாயசத்துக்கு அப்புறம் மோர், அதோடு பந்தி முடிந்துவிடும்.

சங்கரபாண்டி தலையைக் குனிந்தபடி சொன்னார்: "நம்ம கொடுப்பினை அவ்வளவுதான் போல. எனக்கும் உடம்பு சரியில்ல. ஒரு மாசமா ரேஷன் கடை முக்குல வண்டியத் திருப்பினா நெஞ்சு குதியாட்டம் போடுது. எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா இவள நீங்கதான்..."

"இருங்க" என்றாள் மாடத்தி. "எங்க குதிக்குது?"

"முக்குல. வண்டி சத்தம் தெருவுக்குள்ள கேக்கையில."

"சந்தோசமாவா குதிக்குது?"

"சந்தோசமாத்தான்."

மாடத்தி சோற்றுக் கையோடு எழப் போனவள் சட்டென்று உட்கார்ந்துகொண்டாள். "அட என் அண்ணாச்சி! எந்த மனுசன் தன் வண்டிச் சத்தத்தத் தானே கேட்டுச் சந்தோசப்படுவான்? அது உங்க சந்தோசமில்ல! அக்காவோடது! ஒரு மாசமா அத உங்க நெஞ்சுல வச்சுக்கிட்டு ஈசிஜி எடுத்துக்கிட்டுத் திரியுறீகளே!"

ஆத்தாடி! தெருவே கிடுகிடுத்தது. பந்தியில் பாதியில் எழுவது மகா தப்பு. ஆனால் இலையில் அவர் சோறு இருக்கிற வரைக்கும் அவர் இடம் அவருக்குத்தான் என்று இமானுவேல் தீர்ப்புச் சொன்னார். மற்றவர்கள் ஒருவரும் கையை இலையிலிருந்து எடுக்கக் கூடாது. சங்கரபாண்டி சோற்றுக் கையோடு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். அறுபத்து நாலு வயசு மனுசர், டிவிஎஸ்ஸை உதைத்துக் கிளப்பிக்கொண்டு தெரு தாண்டி, ரேஷன் கடை தாண்டி, ஊர் எல்லைக் குளம் வரைக்கும் போய்த் திரும்பினார். இங்கே நூற்றுச் சொச்சம் பேர் ரசத்தில் கை வைத்தபடி சிலை மாதிரி இருந்தார்கள். ஒருவருக்குக் கொசு கடித்தது, அவர் சொரியவில்லை. வெயிலக்கா, "என்ன எல்லாரும் திங்காம உக்காந்துருக்கீக?" என்று கரண்டியோடு நின்றாள்.

முக்கில் வண்டி திரும்பியது. டுர்ர்ரென்று சத்தம் தெருவுக்குள் நுழைந்தது. சங்கரபாண்டியின் நெஞ்சு துள்ளியது, துள்ளி, இந்தத் தடவை அவரைத் தாண்டிப் போனது. அது போனதை அவர் உணர்ந்தார்.

வெயிலக்கா தலையைத் தூக்கினாள். கரண்டியை வாளியில் போட்டாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, பந்திக்கு நடுவே வேகுவேகென்று நடந்து, கேட்டுக்கு வந்து நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

"என்னங்க, இன்னைக்கு இவ்வளவு நேரமாயிருச்சு? ஊரே இலையில உக்காந்திருக்கு. கையக் கழுவிட்டு வாங்க. உங்க இலைக்குப் பாவக்கா வைக்கல."

சங்கரபாண்டி வண்டியை அணைக்க மறந்து நின்றார். அப்புறம் குழந்தை மாதிரி அவள் பின்னாலேயே வந்து, தன் இடத்தில் உட்கார்ந்தார். பக்கத்திலேயே அவள் தரையில் உட்கார்ந்து, இன்றைக்கு எந்த ஊர் மோட்டார், மழைக்கு முழங்கால் என்ன சொல்கிறது, மதியத்துக்கு என்ன சாப்பிட்டீர்கள் என்று ஒரு மாசத்துக் கேள்வியையெல்லாம் கேட்டாள். அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். ரசம் முடிந்தது. பாயசம் இரண்டு தரம் வந்தது, மூன்றாவது தரமும் வந்தது. மோர் வந்தது. வெயில் பந்தலின் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு நகர்ந்தது. இலையில் ஒட்டியிருந்த பருக்கையெல்லாம் காய்ந்து போனது.

யாரும் இலையை மடக்கவில்லை.